குளிர்காலத்திலும் பூட்டாத திடல்கள்

பிரான்ஸ் நாட்டில் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நகரங்கள் வெறிச்சோடிவிடும். பாரிஸ் நகரில் பல தெருக்களில் ரொட்டிக்கடை கூடப் பூட்டிக் கிடக்கும். முதலாளி முதல் சிப்பந்தி வரை மூட்டை முடிச்சுகளுடன் கடற்கரைக்கும் மலைக்கும் புறப்பட்டுவிடுவார்கள்.

இப்படிப் புறப்படுகிற எல்லாரும் ஓட்டலில் தங்குவதில்லை. ஓட்டல் வாடகை கட்டுபடியாகாத குடும்பங்களுக்கு இருக்கவே இருக்கின்றன முகாம் திடல்கள். ஒரு பெரிய தோப்பு. அதில் வேலி வைத்துப் பிரித்த இடங்கள். நடுவே குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவும் தொட்டி. வாடகை கொடுத்துவிட்டுக் கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் திடல்கள் பெருகியதற்குக் காரணம் பணக்காரர்கள் அல்ல, தொழிலாளர்கள். 1936-ம் ஆண்டில்தான் அந்த நாட்டுத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டப்படி கிடைத்தது. 1956-ல் அது மூன்று வாரமாயிற்று. 1969-ல் நான்கு வாரம். 1982-ல் ஐந்து வாரம். கையில் விடுமுறை இருந்தது. பணம் குறைவாக இருந்தது. ஆகவே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களை வரவேற்க ஊர் ஊராகத் திடல்கள் தோன்றின.

ஊருக்கு ஒரு திடல்

பிரான்சில் மிகச் சிறிய ஊருக்குக் கூட ஒரு மேயர் உண்டு. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியான அந்த அமைப்புக்குக் 'கொம்யூன்' என்று பெயர். அதன் அலுவலகம் 'மேரி'. புதுச்சேரிப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நாடு முழுவதும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஜனத்தொகை 500 பேரைத் தாண்டாது.

இத்தகைய சின்னஞ்சிறு ஊர்கள் பலவும் ஆற்றங்கரையிலோ, விளையாட்டு மைதானத்தின் அருகிலோ ஒரு திடலை அமைத்து, தாங்களே நடத்தி வந்தன. ஏப்ரலில் திறப்பார்கள், செப்டம்பர் கடைசியில் பூட்டுவார்கள். அக்டோபரில் குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, வாசலில் சங்கிலி போட்டுவிட்டால், மறுபடி வசந்தம் வரும் வரை அங்கே நடமாட்டம் இராது.

இந்தச் சங்கிலியைத்தான் இப்போது பல கிராமங்கள் அவிழ்த்துப் பார்க்கின்றன. ஆண்டு முழுவதும் திடல் திறந்திருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. காரணம், கூடாரக்காரர்கள் அல்ல. வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

சக்கரத்தின் மேல் வீடு

'மோட்டார் ஹோம்' எனப்படும் அந்த வண்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கேம்பிங் கார்' என்கிறார்கள். பார்ப்பதற்குப் பெரிய வேன். உள்ளே நுழைந்தால் கட்டில், மேஜை, காஸ் அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்சே போதும். ஆகவே பெரும்பாலான வண்டிகள் அந்த அளவிலேயே தயாராகின்றன.

இந்த வண்டியில் வருகிறவருக்கு அறை வேண்டாம், கட்டில் வேண்டாம். அவருக்கு வேண்டியவை நான்கே நான்கு. சக்கரம் புதையாத சமதரை, நல்ல தண்ணீர், அழுக்கு நீரையும் கழிப்பறைப் பெட்டியையும் காலி செய்ய ஓர் இடம், முடிந்தால் கொஞ்சம் மின்சாரம். தண்ணீர்த் தொட்டி சுமார் 100 லிட்டர்தான் கொள்ளும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை எங்காவது நின்றே தீர வேண்டும்.

வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகிற காலத்தில்தான் இந்த வண்டிகளின் பயணமும் நடக்கிறது. ஜெர்மனி, ஹாலந்து, பெல்ஜியம், இங்கிலாந்து முதலிய நாடுகளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தெற்கே கிளம்புகிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், சிலர் கடல் தாண்டி மொராக்கோ என்று வெயிலைத் தேடிப் போகிறார்கள். மார்ச் மாதம் திரும்புகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பிரான்சைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்தத் தூரத்தை இந்த வயதில் ஒரே மூச்சில் ஓட்ட முடியாது. மூன்று இரவு, நான்கு இரவு வழியில் தங்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் திடல்களின் வாசலில் பூட்டுத் தொங்குகிறது!

மலை வழியே ஒரு சாலை

நாட்டின் நடுவிலுள்ள கிளெர்மோன்-பெரான் நகரிலிருந்து தெற்கே பெசியே நகருக்குப் போகும் ஏ-75 நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் பெரிய சாலைகளில் அநேகமாக எங்கும் சுங்கம் உண்டு. இந்தச் சாலையிலோ 2004-ம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட மியோ மேம்பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கம் கிடையாது. பென்ஷன் பணத்தில் பயணம் செய்கிறவர்கள் இதைத் தேடி வருவதில் வியப்பில்லை.

ஆனால் சாலை செல்லும் இடம் மேட்டுநிலம். சில இடங்களில் 1,000 மீட்டருக்கும் அதிக உயரம். குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்குள்ள லோசேர் மாவட்டம்தான் பிரான்சிலேயே மிகக் குறைந்த ஜனத்தொகை உள்ள மாவட்டம். மாவட்டம் முழுவதும் சேர்த்து 80,000 பேர் கூட இல்லை. இருட்டும் நேரத்தில் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும் முதியவருக்கு, பக்கத்து ஊரில் ஒரு திடல் திறந்திருக்கிறது என்ற தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2021-ம் ஆண்டு நவம்பர் முதல், மலைப் பகுதிகளில் நவம்பர் 1-ந் தேதியிலிருந்து மார்ச் 31-ந் தேதி வரை பனிக்கால டயர் போட்டிருக்க வேண்டும் அல்லது சக்கரச் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. வீட்டு வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஆக, குளிர்காலப் பயணத்துக்கு வண்டிகள் தயாராகிவிட்டன. திடல்கள்தான் தயாராகவில்லை.

ரொட்டிக்கடை பிழைக்குமா?

வழிப்போக்கர் நலத்துக்காக மட்டும் கிராமங்கள் இதைப் பற்றி யோசிக்கவில்லை. சொந்தப் பிழைப்பும் இதில் இருக்கிறது.

பிரெஞ்சுக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை மூடுகிறார்கள். அப்புறம் தபாலாபீஸ். அதன் பிறகு மளிகைக்கடை. கடைசியில் மிஞ்சுவது ரொட்டிக்கடை. அதுவும் மூடிவிட்டால் அந்த ஊருக்கு மாலையோடு விளக்கு அணைந்த மாதிரிதான். கடையே இல்லாத கிராமங்கள் அங்கே ஏராளம். 2023-ல் அரசாங்கமே கிராமக் கடைகளுக்கு உதவ ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கோடையில் வரும் கூட்டத்தால் இரண்டு மாத வியாபாரம் நடக்கும். மீதிப் பத்து மாதம்? இரவு ஐந்து வண்டி வந்து நின்றால் பத்துப் பேர். காலையில் பத்துப் பேர் ரொட்டி வாங்குவார்கள். சிலர் காபி குடிப்பார்கள். ஒருவர் காஸ் சிலிண்டர் மாற்றுவார். பெரிய பணம் இல்லைதான். ஆனால் சின்னக் கடைக்கு அந்தச் சின்னப் பணம்தான் உயிர்.

இதை உணர்ந்த பல கிராமங்கள் ஒரு எளிய உபாயம் செய்தன. தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தில் காசு போடுவதற்குப் பதிலாக ஒரு வில்லை போட வேண்டும். அந்த வில்லை விற்கும் இடம் ரொட்டிக்கடை! வில்லை வாங்க வந்தவர் ரொட்டி வாங்காமல் போவாரா?

கணக்கு உதைக்கிறது

அப்படியானால் எல்லாத் திடல்களையும் திறந்து வைத்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கடம் தெரியும்.

ஓர் இரவுக்கு 12 யூரோ வாடகை என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து வண்டி. நவம்பர் முதல் மார்ச் வரை 150 இரவு. மொத்தம் 9,000 யூரோ வருகிறது. அந்த நாட்டில் முழுநேர ஊழியர் ஒருவருக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் பிடித்தம் போகுமுன் சுமார் 1,800 யூரோ. ஐந்து மாதத்துக்கு 9,000 யூரோ. வந்தது வாசலோடு போயிற்று! வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய காப்புச் சந்தா தனி. மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாம் தனி.

மின்சாரத்தையே பார்க்கலாம். திடலில் ஒரு வண்டிக்கு 6 ஆம்பியர் இணைப்புத் தந்தால், 230 வோல்ட்டில் 1,380 வாட் கிடைக்கும். விளக்குக்கும் பாட்டரிக்கும் அது தாராளம். ஆனால் குளிருக்கு ஒருவர் 2,000 வாட் ஹீட்டரை மாட்டினால் பீஸ் போய்விடும். சரி, 10 ஆம்பியர் கொடுக்கலாம் என்றால், அந்த ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 20 யூனிட். யூனிட் 20 சென்ட் என்று வைத்தாலும் 4 யூரோ ஆகிவிடுகிறது. வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே சரி. 2022-ல் ஐரோப்பா முழுவதும் மின்சார விலை எகிறியபோது திடல்காரர்கள் கையைப் பிசைந்ததற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான வண்டிகள் காஸிலோ டீசலிலோதான் உள்ளறையைச் சூடாக்குகின்றன. காஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பியூட்டேன் காஸ் பூஜ்யம் டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே ஆவியாகாமல் சிலிண்டரில் திரவமாகவே கிடந்துவிடும். புரொப்பேன் காஸோ மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். குளிர்காலத்தில் திறந்திருக்கும் ஊரின் கடையில் புரொப்பேன் சிலிண்டர் இருப்பு இல்லையென்றால் வந்தவர் பாடு திண்டாட்டம்.

உறையும் குழாய், புதையும் சக்கரம்

பணத்தை விடப் பெரிய எதிரி பனி. தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும், குழாய் வெடிக்கும். கோடைக்கென்று போட்ட திடல்களில் குழாய்கள் தரைக்கு மேலேயோ, அரையடி ஆழத்திலேயோ ஓடுகின்றன. அவற்றை ஆழப் புதைத்து மறுபடி போடுவதென்றால் ஒரு சிறு கொம்யூனின் பட்ஜெட் தாங்காது.

அடுத்தது தரை. கூடாரத்துக்குப் பசும்புல் அழகு. மழையில் ஊறிய புல்தரையில் மூன்றரை டன் வண்டி நின்றால் காலையில் டிராக்டர் கொண்டுவந்து இழுக்க வேண்டியதுதான். சரளைக்கல் கொட்டிக் கெட்டிப்படுத்திய தரை வேண்டும்.

கழிவுநீரும் கவலைதான். கழிப்பறைப் பெட்டியில் ஊற்றும் சில மருந்துகள் கிருமிகளை அழித்துவிடும். சிறிய ஊர்களில் கழிவைச் சுத்தம் செய்வதே கிருமிகள்தான். குளிரில் அவை ஏற்கெனவே மந்தம். அதனால் மருந்து கலந்த கழிவை எங்கே, எவ்வளவு கொட்டலாம் என்று கட்டுப்பாடு வைக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரை ஆபத்து

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், உயிர்.

1987-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, பிரான்சின் தேசியத் திருநாள். ஆல்ப்ஸ் மலையில் உள்ள லெ கிரான்-போர்னான் என்ற ஊரில் பெருமழை பெய்து, போர்ன் என்ற காட்டாறு முகாம் திடலுக்குள் புகுந்தது. 23 பேர் மாண்டனர். கோடையின் நடுவில், நாடே கொண்டாட்டத்தில் இருந்த நாளில் நடந்த இந்தச் சம்பவம் பிரான்சை உலுக்கிவிட்டது.

அதன் பின் விதிகள் கடுமையாயின. வெள்ள அபாயம் உள்ள இடங்களில் திடல் நடத்துவோர் எச்சரிக்கை செய்யும் முறை, ஆட்களை வெளியேற்றும் வழி ஆகியவற்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 1994-ல் ஆணை பிறந்தது. 1995-ல் அபாயப் பகுதிகளை வரைபடத்தில் குறித்து அங்கே கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது.

ஆகவே ஆற்றங்கரைத் திடல் குளிர்காலத்தில் பூட்டியிருந்தால் அது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. பல ஆறுகள் பெருகுவதே அந்த மாதங்களில்தான். ஆண்டு முழுவதும் வண்டிகள் நிற்க வேண்டுமானால் மேட்டில் வேறு இடம் பார்க்க வேண்டும். இப்போது ரயில் ஓடாத பழைய ஸ்டேஷன் முற்றம், சந்தைத் திடல், விளையாட்டு மைதானத்தின் ஓரம் ஆகியவை வண்டி நிறுத்தும் இடங்களாக மாறியிருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

முழுவதும் வேண்டாம், ஒரு மூலை போதும்

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் அனுபவத்தில் கண்ட தீர்வு ஒன்று உண்டு. முழுத் திடலையும் திறக்க வேண்டாம். வாசல் பக்கம் எட்டுப் பத்து இடங்களுக்கு மட்டும் சரளை போட்டு, உறையாதபடி மூடிக் காத்த ஒரே ஒரு குழாய், ஒரு கழிவுத் தொட்டி, ஒரு விளக்கு வைத்தால் போதும். குளியலறைக் கட்டடத்தைப் பூட்டி வைக்கலாம்; வருகிறவர் வண்டியிலேயே எல்லாம் இருக்கிறதே! தனி ஆள் வேண்டாம். சாலை பராமரிக்கும் கொம்யூன் ஊழியரே காலையில் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு வழி, இயந்திரம். அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள போர்னிக் என்ற ஊரில் 2011-ல் 'கேம்பிங்-கார் பார்க்' என்ற நிறுவனம் தோன்றியது. ஊராட்சிகள் நடத்த முடியாமல் விட்ட திடல்களை எடுத்து, வாசலில் தானியங்கித் தடுப்பு போட்டு, 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் நடத்துகிறது. பயணி ஓர் அட்டை வைத்திருந்தால் நள்ளிரவில் கூடத் தானே திறந்துகொண்டு உள்ளே போகலாம். வருமானத்தில் கிராமத்துக்கும் பங்கு உண்டு. இப்போது இத்தகைய இடங்கள் சில நூறு இருக்கின்றன.

மூன்றாவது வழி விவசாயிகளுடையது. 1992 முதல் 'பிரான்ஸ் பேஷன்' என்ற அமைப்பின் கீழ் திராட்சைத் தோட்டக்காரர்களும் பண்ணைக்காரர்களும் தங்கள் நிலத்தில் வீட்டு வண்டிகளுக்கு ஓர் இரவு இலவசமாக இடம் கொடுக்கிறார்கள். விருந்தாளி ஏதாவது வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பலர் ஒரு பாட்டில் ஒயினோ, பாலாடைக் கட்டியோ வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

திடலில் வாழும் தொழிலாளர்கள்

குளிர்காலத்தில் திடல் தேடுகிறவர்கள் உல்லாசப் பயணிகள் மட்டும் அல்லர். பிரான்சில் மின்சாரத்தின் பெரும்பகுதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. அவற்றைப் பழுது பார்க்க ஊர் விட்டு ஊர் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் இழுவண்டி வீட்டுடன் வந்து பக்கத்துத் திடலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். வாடகை வீடு சில வாரங்களுக்குக் கிடைக்காது. ஓட்டலில் தங்கினால் படிப்பணம் போதாது. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டுமா என்ன?

இவர்களுக்கும் திறந்த திடல் வேண்டும். ஆனால் சட்டமோ, வகைப்படுத்தப்பட்ட முகாம் திடல் நிரந்தர முகவரி ஆகக் கூடாது என்கிறது. வீடு கிடைக்காத ஏழைகள் திடலிலேயே குடியேறிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் மேயர்களுக்கு உண்டு. ஆண்டு முழுவதும் திறக்கத் தயங்குவதற்கு வெளியில் அதிகம் பேசப்படாத காரணம் இது.

மனிதரா, இயந்திரமா?

இயந்திரத் தடுப்பு சம்பளம் கேட்பதில்லை, விடுமுறை கேட்பதில்லை. கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். ஆனால் பனியில் வழி தவறி வந்தவருக்கு எந்த டாக்டர் வீட்டில் இருக்கிறார் என்று அதனால் சொல்ல முடியாது. இரண்டு நாளாக ஒரு வண்டியின் கதவு திறக்கவில்லையே என்று சந்தேகப்பட அதற்குத் தெரியாது. தனியே பயணம் செய்யும் முதியவர்கள் பலர், நாலு வார்த்தை பேச ஆள் இருக்கிற திடலையே விரும்பி வருவதில் ஆச்சரியம் என்ன?

நாளுக்கு இரண்டு வண்டி நிற்கும் சின்ன ரயில்வே ஸ்டேஷனை வருமானக் கணக்கை மட்டும் வைத்து மூடிவிடலாம். மூடிய பிறகுதான் அந்த ஸ்டேஷனை நம்பி ஒரு டீக்கடையும், நான்கு கிராமமும் இருந்தது தெரியவரும். பிரெஞ்சுக் கிராமத்துத் திடலும் அப்படித்தான். பத்து வண்டிக்கு இடம், உறையாத ஒரு குழாய், காலையில் வந்து எட்டிப் பார்க்கும் ஓர் ஊழியர் என்ற அளவில் தொடங்கினால் ஊராட்சிக்குப் பெரிய நஷ்டம் வராது. மறுநாள் காலை ரொட்டிக்கடையில் எத்தனை ரொட்டி கூடுதலாக விற்றது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.